அவளுக்கு எதிராக நேர்ந்துகொண்ட முடி

என் மனைவி இப்போது வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நர்ஸ் என்றாலும் அங்கே அது ஆபீசர் வேலை, தோளில் நட்சத்திரம் உண்டு. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், அவள் வீட்டுக்காரர் மொட்டை போட்டு வேண்டிக்கொண்டதால்தான் இந்த வயதில் அது கிடைத்தது என்பார்கள். நான் மொட்டை போட்டது உண்மை. வேண்டிக்கொண்டதும் உண்மை. என்ன வேண்டிக்கொண்டேன் என்பதுதான் தெருவுக்குத் தெரியாது.

நான் பத்தாவது வரை படித்தவன். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றி, எண்ணெய் ஆலைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். திருநீறு இட்டுக்கொள்ளாமல் வண்டிக்குச் சாவி போட்டதில்லை. அவள் பிளஸ் டூ முடித்தவள். கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்த பிறகு, விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போட்டு மடிக்கிற வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றபடி வேலை.

என் அப்பா காலில் சர்க்கரைப் புண்ணோடு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். அவரோடு அவள்தான் இருந்தாள். நர்ஸ் கட்டுப் போடுவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தபிறகு அவளே போட்டாள். புண்ணைப் பார்த்து நான் முகம் திருப்பிக்கொள்வேன், அவள் திருப்பவில்லை. அப்பா குணமாகி எழுந்து நடந்ததும், நர்ஸ் படிப்புப் படிக்கப் போகிறேன் என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. காலேஜில் கூடப் படித்த பெண்கள் முதல் வருஷம் அக்கா என்றார்கள், கடைசி வருஷம் ஆன்ட்டி என்றார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் எங்களோடு வந்து தங்கினார்.

படிப்பு முடிந்து திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ராணுவத்தில் நர்ஸ் எடுக்கிற அறிவிப்பைப் பார்த்தாள். முப்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு முப்பத்து நாலு முடியப் போகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் அவளோடு உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன், பரீட்சைக்குச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளுக்குள் மட்டும் பயம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆபீசரம்மாவுக்குப் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறவனா என்று அங்கே யாராவது கேட்டால் அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமா? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வேறு விடவில்லை.

"இன்னாண்ணா, அண்ணி மிலிட்டரிக்குப் போயிட்டா, சல்யூட் அடிச்சாதான் உனுக்கு சோறாமே" என்றான் ஒருவன்.

"அட, அந்த சோத்தயும் அவருதான்டா ஆக்கணும்" என்றான் மேலே நின்று மூட்டை அடுக்கியவன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று திரும்பும்போது வண்டியைக் கிளியனூர்ப் பக்கம் விட்டேன். அங்கேதான் எங்கள் குலதெய்வம். அம்மன் முன்னால் நின்று, அவளுக்கு இந்த வேலை கிடைக்கக் கூடாது, கிடைக்காமல் பண்ணிவிட்டால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தில் கட்டினேன். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டார். வீட்டு விஷயம், நடந்தால் முடி இறக்குகிறேன் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவியும் அதே கோயிலுக்குப் போயிருக்கிறாள். வேலை கிடைத்தால் மாவிளக்குப் போடுவதாக அவள் வேண்டுதல். உன் வீட்டுக்காரன் முன்னாலேயே வந்து முடிந்துவிட்டுப் போய்விட்டானே என்று பூசாரி சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் கண் கலங்கி நின்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாமியார் குழாயடியில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். முடி நேர்ந்துவிட்டால் அது அம்மனுடையது, அதில் கத்தரி படக் கூடாது. தலைமுடியும் தாடியும் வளர வளர, ஜனங்கள் என்னை மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் பரீட்சையில் தேறினாள். டெல்லிக்குக் கூப்பிட்டார்கள். கூடப் படித்த பெண் ஒருத்தியோடு போனாள். நேர்முகத்திலும் தேறினாள். அதற்குப் பிறகு உடம்பைப் பரிசோதித்து, தகுதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். போன் பண்ணினாள்.

"ரத்தம் கம்மியாங்க" என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. உடனே மயிர்க்கூச்செறிந்தது. அம்மன் என் பேச்சைக் கேட்டுவிட்டாள். நான் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பூஜை அறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

திரும்பி வந்தவள் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, என் தலையைப் பார்த்து, அம்மன்தான் கொடுக்கவில்லையே, நீங்கள் ஏன் இன்னும் இதைச் சுமக்கிறீர்கள், சலூனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். சரி என்றேன். எப்படி வெட்டுவேன்? கேட்டது நடந்துவிட்டது. செலுத்தாமல் விட்டால் பிள்ளைகள் தலையில் அல்லவா விடியும்? நாலு நாள் சாக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் கிளியனூரில் வண்டியை நிறுத்தி முடி இறக்கினேன். சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சலூன்ல மொட்ட போடச் சொல்லலியே" என்றாள்.

"கோயில்ல எறக்கினேன்."

"எதுக்கு? அவதான் குடுக்கலியே."

துண்டால் கழுத்தில் வழிந்த சந்தனத்தைத் துடைத்தேன். புடவைக் கடையில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்து வாங்குவார்களா மாட்டார்களா என்று கண்டுபிடித்தவள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தாள்.

"குடுத்துட்டாளா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "சாமிகிட்ட போயி சொன்ன மனுஷன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீங்க போவாதன்னு சொல்லியிருந்தா சண்டயாவது போட்டிருப்பேன்."

பிறகு பீரோவைத் திறந்து டெல்லியில் கொடுத்த சீட்டை எடுத்தாள். ஆறு வாரத்துக்குள் மறு பரிசோதனைக்குப் போகலாம் என்று அதில் இருந்தது. மனது விட்டுப்போய், போக வேண்டாம் என்று இருந்தவள், அன்றைக்கே போகிறேன் என்று எழுதிப்போட்டாள். எனக்கும் அம்மனுக்கும் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நடுவில் வராதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

ரத்தம் ஏற வழி கேட்க, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் டீ. பிள்ளைகளுக்கும் எனக்கும் டப்பா கட்டிய பிறகு சட்டியில் மிச்சம் இருந்தால் அது. மதியம் டூட்டியில் எது கிடைக்கிறதோ அது. ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு குழம்பு தீர்ந்திருந்தால் மோர். செவ்வாய், வெள்ளி விரதம். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேலைக்குப் போகாமல் இருக்க அம்மன் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. எங்கள் வீடே எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தது.

அந்த ஆறு வாரத்தில் மிச்சமிருந்த நாளெல்லாம் நான் சமைத்தேன். கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து, ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வதக்கினேன். முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை தட்டினேன், முதலில் கருகியது, பிறகு வந்தது. அவள் மருந்து விழுங்குவதுபோல் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு நாளும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை டெல்லிக்குப் போனபோது ரத்தம் சரியாக இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

தெருவில் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை இல்லை என்றாகிவிட்டது, மனுஷன் போய் முடியைக் கொடுத்தான், அம்மன் மனசு மாறிவிட்டாள். வெற்றிலைக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தலை குனிந்தேன். அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் பக்கத்தில்தான் நின்றாள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்தபோது கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சுவரொட்டி வாங்கியாந்து ஆக்கிப் போட்டீங்க. அத மறக்க மாட்டேன்" என்றாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, "அந்த இன்னொண்ணயும் மறக்க மாட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் லீவில் ஒரு தடவை வந்து போனாள். தினமும் போன் பேசுகிறாள். குறையாகப் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு டப்பா கட்டுவது இப்போது நானும் மாமியாரும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைப் பார்க்கிறேன்.

போன மாதம் பெரியவள் கபடியில் மாவட்ட அளவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமியார் எதிரில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கும் முடி வேண்டிக்கோங்கப்பா. நீங்க வேண்டிக்கினா நடக்குது" என்றாள் பெரியவள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.  மாமியார் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"அப்பா வேண்டுதல் இன்னாத்துக்கு கண்ணு. உனுக்கு வேணுங்கறத நீயே போயி கேளு. ஒங்கம்மா அப்டித்தான் கேட்டா."

அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. குழாயடியில் என்னைப் பற்றி அவர் பேசியதில் எவ்வளவு தெரிந்தே பேசியது என்றும் கேட்கவில்லை. உரித்த பருப்பில் ஒரு கைப்பிடியை என் தட்டுப் பக்கமாக நகர்த்தினார்.

"சாப்டுங்க மாப்ள" என்றார்.

நான் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டேன்.