மகள் ஊரில் ஹோட்டல் அறை

இங்கிலாந்து விசா வந்துவிட்டது. சொன்னவர், இன்று கயத்தாறு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்தி விவசாயி. நியூகாசிலில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க மனைவியோடு போகிறார்.

தங்குவதற்கு அங்கே ஆற்றங்கரையில் ஹோட்டல் அறை போட்டிருக்கிறார்.

"பொண்ணு கொடுத்த வீட்டுல போயித் தங்குனா நல்லாவா இருக்கும், அண்ணாச்சி?"

மகள் போனில் அழுதுவிட்டாராம். "அந்த ஹோட்டல் இருக்குற தெருவுல விடிய விடிய ஆட்டமும் பாட்டுமா இருக்கும்பா. எங்க வீடு இருக்கையில அங்கன தங்குறதா இருந்தா வராதீங்க."

முன்சீட்டிலிருந்து அவர் மனைவி திரும்பினார். "அந்த வீட்டுக்கு அவளுந்தான சம்பாதிச்சுப் போடுதா? மாப்ள பாதியில கால் வைக்காதீங்க, அவ பாதியில இருங்க. நான் எம்மவகிட்டதான் இருப்பேன். நீங்க வேணும்னா ஹோட்டல்லருந்து வந்து எங்களப் பாத்துட்டுப் போங்க."

கயத்தாற்றில் இறங்கும்போது அவர் போனை எடுத்து ஹோட்டல் பதிவைப் பார்த்தார்.

அறையை ரத்து செய்ய நாளை மாலை வரை நேரமிருக்கிறதாம். என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?