யாருக்கு, எம்புட்டு நாளா?

இந்துப்ரியாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது கே.கே. நகரில் மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். தெப்பக்குளத்துப் பக்கமிருந்து காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் யாரிடமாவது வாய்ச் சண்டை தொடங்கியிருக்கும். பி.ஃபார்ம் படித்தவள். மருந்துக் கடையில் நிற்பவள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இவளுக்கு எதற்கு இவ்வளவு வாய் என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் 'ஒரு செட் குடுங்க' கோஷ்டிதான்.

செட் என்றால் தெரியுமல்லவா? காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, இத்தனையும் தின்று வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொன்று என்று அட்டைகளிலிருந்து கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பது. எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை. இந்துப்ரியாவிடம் அது நடக்காது. "யாருக்கு? எம்புட்டு நாளா?" என்று முதலில் கேட்பாள். நேற்றுப் பிடித்த சளி, பஸ்ஸில் வந்த தலைவலி என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பாள். கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, ரத்தம், இழுத்துக்கொண்டே போகிற நோய் என்று ஏதாவது காதில் விழுந்தால் கை அலமாரிப் பக்கம் போகாது. டாக்டரிடம் காட்டச் சொல்லிவிடுவாள்.

கடை முதலாளி அழகுபாண்டி தலையில் அடித்துக்கொள்வார். "வாரவங்களை எல்லாம் டாக்டர்ட்ட வெரட்டிட்டு நம்ம ஈ ஓட்டவா ப்ரியா?"

"ஓட்டுவோம்ணே. பாவத்தைச் சேக்குறதுக்கு ஈ ஓட்டுறது எம்புட்டோ தேவலை."

கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒரு நாள் சூரியபிரகாஷ் வந்தான். அடுத்த தெரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவன், வங்கியில் நல்ல வேலை. அவனுடைய சின்ன மகள் ஒரு தும்மல் தும்மினால் போதும், அன்று சாயங்காலமே குழந்தை டாக்டரின் சீட்டோடு வந்து நிற்பான். பொறுப்பான தகப்பன் என்று இந்துப்ரியாவே நினைத்திருக்கிறாள். அன்று கையில் சீட்டு இல்லை.

"இருமலுக்கு ஒரு சிரப் குடுங்க மேடம். நல்லா ஸ்ட்ராங்கா."

"யாருக்கு சார்?"

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு. பாப்பாவைத் தூங்க வச்சதும் லொக்கு லொக்குன்னு இருமி எழுப்பி விட்டுருது."

"எம்புட்டு நாளா இருமுறாங்க?"

"யாரு கணக்கு வச்சா? தீபாவளிக்கு முன்னாடியே இருந்துச்சு."

தீபாவளி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. சொந்தக் காசில் வேலைக்காரிக்கு மருந்து வாங்கித் தருகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதுதான் இந்துப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் தும்மலுக்கு டாக்டர், வீட்டைக் கழுவித் துடைக்கிறவளின் நெஞ்சுக்கு ஒரு புட்டி சிரப். இது என்ன நியாயம்?

"ரெண்டு வாரத்துக்கு மேல போன இருமலுக்கு நான் சிரப் குடுக்க மாட்டேன் சார். சளியை டெஸ்ட் பண்ணணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு உங்க கார்லயே கூட்டிட்டுப் போங்க."

காரைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. "சாதா இருமலுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்?"

"பாப்பா தும்முனதுக்கு எதுக்கு சார் போனீங்க?"

அழகுபாண்டி குறுக்கே விழுந்து சமாதானம் பேசியும் அவன் விறைப்பாகத் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் அந்த வேலைக்கார அம்மாளே வந்தாள். பெயர் மாயக்காள், வண்டியூர்க்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. "என்ன தாயி, எனக்கு மருந்து கிடையாதுன்னுட்டியாமே. நான் உனக்கு என்ன பாவம் செஞ்சேன்?" என்றாள்.

இந்துப்ரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். சாயங்காலம் மேல் சுடுகிறதா என்று கேட்டாள். சுடுகிறது. ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. ரவிக்கை தொளதொளத்து இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தது.

"இப்பிடி எளைச்சிருக்கீங்களே, யாரும் கேக்கலையாக்கா?"

"அஸ்வினியம்மா கேட்டுச்சு. அது ஜிம்முக்குப் போயும் எளைக்கலையாம். நான் குடுத்து வச்சவளாம்."

அந்த அஸ்வினி சூரியபிரகாஷின் மனைவி. இந்துப்ரியாவுக்கு வாய்வரை வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"நாளைக்கே லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"லீவா? பாத்திரத்தை நீ வந்து கழுவுவியா?"

"கழுவுறேன். நீங்க போங்க."

மாயக்காள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே எழுந்து போனாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காச நோய்தான். மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும், கொஞ்ச நாள் வாயை மூடித் தனியாக இருந்தால் மற்றவர்களுக்கும் பயமில்லை என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வேலை செய்கிற வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள் என்றார்கள். மாயக்காள் ஒளிக்கவில்லை. நேரே போய், வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். அன்றோடு வேலை போயிற்று. அவள் சாப்பிடுகிற தட்டையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பையோடுதான் கடைக்கு வந்தாள். "பாத்துக்க தாயி. இருமிக்கிட்டாச்சும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒஞ்சொல்லைக் கேட்டு அதுவும் போச்சு."

டாக்டரிடம் போ என்று சொல்வது சுலபம், போய்விட்டு வருகிறவளுக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்று இந்துப்ரியாவுக்கு அன்றுதான் உறைத்தது. வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது. ஆனாலும் அந்த சிரப்பைக் கொடுத்திருந்தால் மாயக்காள் இருமலை அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவி, ஒரு நாள் ரத்தமாகத் துப்பியிருப்பாள். அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே சூரியபிரகாஷ் வந்து தரை துடைக்கிற கிருமிநாசினி கேட்டான். பெரிய கேனாக வேண்டுமாம்.

"தரையைத் துடைச்சா ஆச்சா சார்? பாப்பாவைக் கொண்டு போய்க் காட்டுங்க. மாயக்காள் அக்கா சொன்னாங்கள்ல?"

"மெதுவாப் பேசுங்க மேடம். எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல."

"சொன்னதுக்குத்தான அவங்களை அனுப்பிட்டீங்க? மருந்து சாப்பிட்டு டாக்டர் சரின்னு சொன்னதும் மறுபடி வேலைக்கு வச்சுக்கலாம் சார்."

அவன் கேனைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினான். "உனக்கு ஏன்மா ஊர் வம்பு?" என்றார் அழகுபாண்டி. "இது ஊர் வம்பு இல்லண்ணே, நம்ம தொழிலு" என்று அவள் கத்தியது எதிர்ச்சாரி டீக்கடை வரை கேட்டது.

அதற்குப் பிறகு இந்துப்ரியா மாயக்காளுக்கு அடிக்கடி போன் செய்தாள். முதலில் அவள் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தாள், மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று திட்டினாள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்குகிறது என்றாள். வேலை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் விஷயம் வெளியே போகக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் கவனமாக இருந்தாலும், மாயக்காளைப் பற்றி மட்டும் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

பொங்கல் கழிந்து சூரியபிரகாஷ் மறுபடி வந்தான். இந்துப்ரியாவைப் பார்த்ததும் தயங்கி, அழகுபாண்டி பக்கம் போய் நின்றான். "இருமலுக்கு ஒரு சிரப் அண்ணே. எனக்குத்தான்."

அவர் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"கசப்பு இல்லாம. மாம்பழ வாசனையில ஒண்ணு இருக்குமே, அது."

இந்துப்ரியா எழுந்து வந்தாள். "பாப்பாவுக்கு எம்புட்டு நாளா சார்?"

அவன் கடைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். அழகுபாண்டி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"குழந்தை டாக்டர்ட்ட ஏன் போகலை?"

"போனா வீட்ல யாருக்காச்சும் டி.பி. இருந்துச்சான்னு கேப்பாரு. எங்க குடியிருப்புலயே நாலாவது மாடியிலதான் இருக்காரு. எல்லாருக்கும் தெரிஞ்சிரும் மேடம். நாங்க எப்பிடித் தலைகாட்டுறது?"

தும்மலுக்கு ஓடியவன், இருமலுக்கு ஒளிந்துகொண்டு நிற்கிறான். இந்துப்ரியாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குழந்தை என்ன செய்தது?

"மாயக்காள் அக்கா உங்க வாசல்ல நின்னு சொன்னாங்க. சொன்னா வேலை போகும்னு தெரிஞ்சும் சொன்னாங்க. உங்களுக்கு என்ன சார் போகப் போகுது? சிரப் தர மாட்டேன். இப்பவே பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரைன்னு டாக்டர் கேப்பாரு. அதை அக்காட்டயே கேட்டு வச்சுக்கங்க."

"அவங்க நம்பரை அஸ்வினி அழிச்சிட்டா."

இந்துப்ரியா தன் போனில் எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவன் கையில் கொடுத்தாள்.

"சொல்லு தாயி" என்றாள் மாயக்காள்.

அவன் போனைக் காதுக்குக் கொண்டு போனான். "தாயி, கேக்குதா?" என்று மறுபடியும் குரல் வந்தது. அவன் போனைத் திருப்பி நீட்டினான். இந்துப்ரியா வாங்கவில்லை.