வழிகாட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்

டூரிஸ்ட் கைடு வேலை வாயால் பிழைக்கிற வேலை. எனக்கோ சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போய் முட்டும், எந்தச் சரிவில் எப்போது பனி மூடும், அட்டை எங்கே அதிகம் என்பதெல்லாம் நடந்து நடந்தே தெரிந்துகொண்டவை. பண்டாரவளையில் வேன் வைத்து டூரிஸ்ட்காரர்களை ஏற்றி இறக்கும் மகேந்திரன் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் ஓட்டுவார், நான் மலையேற்றிக் காட்டுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கைடு என்றால் லைசன் கட்டாயம் என்றார்கள். லைசனுக்கு ஓர் எழுத்துப் பரீட்சை, அதில் பாஸானால் ஒரு வாய்மொழிப் பரீட்சை.

அந்த இரண்டாவது பரீட்சையிடம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். வினாத்தாளிடமோ, மணியிடமோ, மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவரிடமோ ஒருதரமாவது அடி வாங்கியவர்கள்தானே நீங்களும்? தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுதும்போது எனக்குத் திக்காது.

நடுவில் ஒரு மலை

பரீட்சைக்கு முன்னால், திக்குகிற கைடு எப்படி வேலை செய்வான் என்று சொல்லிவிடுகிறேன். சில எழுத்துகளில் நான் முட்டி நின்றுவிடுவேன். வார்த்தை தொண்டைக்குள் தயாராக இருக்கும், வெளியே வராது. ஒருதரம் ஜெர்மனியிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவரை மேட்டுக்கு அழைத்துப் போனேன். எதிரே நமுனுகுல மலை முழுசாகத் தெரிந்தது. கையை நீட்டிவிட்டேன், பெயர்தான் வரவில்லை. "ந… ந…" என்று நிற்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, என் கை நீண்ட திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெயர் வந்து சேர்ந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னிப்பு எதுக்கு? மற்ற கைடுகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் நிற்கிற நேரத்தில்தான் நான் மலையையே பார்த்தேன்."

பத்து நிமிடம்

வாய்மொழிப் பரீட்சையில் எல்லோரும் அந்த அம்மாவைப் போல மலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். ஒருவருக்குப் பத்து நிமிடம். முடிந்ததும் மணி அடிப்பார்கள். முதல் கேள்வி, "உங்களை அறிமுகப்படுத்துங்கள்." என் முழுப்பெயர் பாலகிருஷ்ணன். இந்த உலகத்தில் நான் அதிகம் முட்டுகிற வார்த்தை அதுதான். அதையும் தாண்டி, ஊரையும் சொல்லி, இரண்டாவது கேள்வியின் நடுவில் கால் வைத்தபோது மணி அடித்துவிட்டது. மிச்சக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் என் தொண்டையிலேயே இருந்தது.

வெளியே வரிசையில் ஹாலிஎலயிலிருந்து வந்த இன்னொரு கைடு உட்கார்ந்திருந்தார். கதவில் காது வைத்துக் கேட்டிருக்கிறார் போல. என் கையைப் பிடித்து இழுத்து ரகசியமாகக் கேட்டார்: "என்னங்க, உள்ளுக்கு ரொம்ப நேரமா சத்தமே இல்லையே, டீ குடுத்தாங்களா?"

வேன் கழுவுகிறவன்

ரிசல்ட்டில் என் எண் இல்லை. மகேந்திரன் அண்ணன் நல்ல மனுஷர், ஆனால் சட்டம் அவருக்கும் சட்டம்தான். லைசன் வாங்கும்வரை வேன் கழுவுவதும் பைகளை ஏற்றி இறக்குவதும் என் வேலையாயின. மலைக்குக் கூட்டிப்போக, கடற்கரைப் பக்கத்திலிருந்து லைசன் உள்ள ஒரு கைடை வரவழைத்தார். அவன் பேச்சு அருவி மாதிரி கொட்டும். ஒருநாள் எங்கள் தோட்டத்துக்கே ஒரு கூட்டத்தைக் கொண்டுபோனான். நான் ரோட்டில் வேனுக்குக் காவல். மேலே மலையில் என் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அம்மாவைச் சுட்டி அவன் அவர்களுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

சாயந்திரம் அம்மாவிடம் போய், அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: "என்னமோ இங்கிலீசுல படபடன்னு சொன்னான்டா, அந்தத் தொரைமாருக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல."

பெட்டிக்குள் அடங்காத குறை

என் மனைவி சுதா தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். உடல் குறை உள்ளவர்கள் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம், அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்று அவள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். பார்வை, செவி, கை, கால். பேச்சுக்குப் பெட்டி இல்லை. கடைசியில் 'ஏனையவை' என்று ஒரு கோடு, அரை விரல் நீளத்துக்கு.

எனக்குக் கூச்சமாக இருந்தது. "சலுகையில பாஸ் பண்ணினவன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவான், வேணாம்" என்றேன். சுதா பேனாவின் மூடியைத் திறந்து என் கையில் வைத்தாள். "ஏங்க, கேள்வியக் கொறைக்கச் சொல்லியா கேக்குறோம்? மணியத்தான கொஞ்சம் பிந்தி அடிக்கச் சொல்றோம்."

நல்லாப் பேசின நாள்

விண்ணப்பத்தில் கிராம சேவகர் கையெழுத்து வேண்டும். திக்குகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: எந்த நாள் திக்க வேண்டுமோ அந்த நாள் திக்காது. அன்றைக்கு அவரிடம் போய், எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சுத் திக்குகிறது, வாய்மொழிப் பரீட்சையில் நேரம் போதவில்லை, ஆகவே இந்தப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்துத் தேவை என்று தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொல்லி முடித்தேன். எனக்கே ஆச்சரியம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

அவர் பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். டாக்டர் ரிப்போர்ட் கொண்டு வந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைப்பதாக வாக்குக் கொடுத்தார். அதன்படியே பிறகு வைக்கவும் செய்தார். ஆனால் அன்றைக்கு என்னை வாசல்வரை கூட்டிவந்து வருத்தத்தோடு சொன்னார்: "பாலா, நீ இப்ப சொன்னத சொல்லாம இருந்திருந்தா நான் சைன் வச்சிருப்பேன்."

குறுக்கே பேசாத ஒருவர்

ரிப்போர்ட்டுக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் முன்னால் உட்கார்ந்ததும் வழக்கமான திக்கல் வந்துவிட்டது, நல்லவேளை. நான் முட்டி நிற்கும்போதெல்லாம் உலகத்தில் எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள்: என் வார்த்தையை அவர்களே சொல்லி முடிப்பார்கள். பாதி நேரம் தப்பாக. மகேந்திரன் அண்ணன் முழு நேரமும் தப்பாக. இந்த மிஸ் அதைச் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தலையை ஆட்டி அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அப்படியே இருந்தார். அந்த அறையில் எனக்குத் திக்கல் குறையவில்லை. ஆனால் பயம் குறைந்துவிட்டது.

வாசிக்கச் சொன்னார், படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொன்னார், ஒரு கடைக்குப் போன் எடுத்துச் சீனி விலை கேட்கச் சொன்னார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, இரட்டிப்பு நேரம் கொடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதினார். இது சுகமாகுமா மிஸ் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: "தம்பி, திக்குறது ஒரு வருத்தமில்லை, நோயில்லை, பொறுமையில்லாத ஆக்களாலதான் உங்களுக்குக் கரைச்சல், ஆனா அவையளுக்கு என்னால ரிப்போர்ட் எழுத ஏலாது."

லைன் வெட்டுகிறது

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வழிகாட்டிக்குப் பேச்சு அடிப்படைத் தகுதி என்பதால் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை என்று இரண்டே வரி. மகேந்திரன் அண்ணன் எனக்காகப் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பேச முடியாது என்று ஒருவன் இன்னொருவனை விட்டுப் பேசச் சொன்னால், அந்த இரண்டு வரியும் சரி என்று ஆகிவிடும். நானே கொழும்புக்குப் போன் எடுத்தேன். எடுத்தது ஒரு பெண் அதிகாரி. சிங்களத்தில் எனக்குத் திக்கல் ஒரு படி கூட. வணக்கத்திலேயே முட்டி நின்றேன். "ஹலோ, ஹலோ, லைன் வெட்டுது" என்று வைத்துவிட்டார். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தார்.

மூன்றாம் முறை முதல் வார்த்தையாகவே, எனக்குத் திக்கும், தயவுசெய்து வைக்காதீர்கள் என்று சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் கைடு வேலை செய்துகொண்டிருந்தவன். என்னோடு வந்த ஒருவரும் வழி தவறவில்லை. கேள்வி எல்லாவற்றையும் கேளுங்கள், கடினமாகவே கேளுங்கள், பதில் முடிகிறவரை மட்டும் இருங்கள். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போச்சு, இதுவும் வெட்டிவிட்டது என்று நினைத்து "ஹலோ?" என்றேன். உடனே குரல் வந்தது: "இருக்கிறேன், இருக்கிறேன், முன்னால் இரண்டு தரமும் வைத்தது நான்தான், இந்தத் தரம் நீங்கள் வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்."

யாருடைய நேரம்

போனில் பேசிய அந்த அதிகாரி என் விஷயத்தை மேலே கொண்டுபோயிருக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு அனுமதி என்று மறுபடி பதில் வந்தது. அடுத்த வாய்மொழிப் பரீட்சை பதுளையிலேயே நடந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு தலைவி, இரண்டு ஆண்கள். அதில் இளையவர் மிக இரக்கமானவர், அதுதான் ஆபத்து. பதுளையில் அரை நாள் மட்டும் இருக்கிறவர்களை எந்த நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போவீர்கள் என்று கேட்டார். துன்ஹிந்த என்று சொல்ல வாயெடுத்தேன். "து… து…" என்று நின்றதும் அவர் முகம் மலர்ந்து, "தியலும? சரி, சரி" என்று எழுதப் போனார். தியலும இருப்பது கொஸ்லாந்தைப் பக்கம்; அரை நாளில் போய்த் திரும்புவதற்குள் வந்தவர்கள் திரும்பும் ரயிலைத் தவறவிட்டுவிடுவார்கள்.

முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். அன்றைக்குக் கையை உயர்த்தினேன். "இல்லை சார், நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன். அந்த வாக்கியம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பிறகு துன்ஹிந்தவையும் சொன்னேன், நடைபாதை மழையில் வழுக்குவதையும், பைக்குள் கைவிடும் குரங்குகளையும் சொன்னேன். அடுத்த கேள்வியிலும் அவர் எனக்கு உதவ வாயைத் திறந்தார். தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவர் சொல்லி முடிக்கட்டும், கூடுதல் நேரம் கொடுத்திருப்பது அவருக்கு, உங்களுக்கு இல்லை."

ஆறுதல்

பாஸ் என்று கடிதம் வந்தபோது சுதா பள்ளியில் இருந்தாள். மகேந்திரன் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். சந்தோஷத்தில் திக்கல் இன்னும் கூடும். "அண்ணே, ரிசல்ட் வந்திருக்கு. பா… பா…" என்று நின்றேன். அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. "பாவம்டா நீ" என்றார். மனசைத் தளரவிடாதே என்றார். பெரிய படிப்புப் படித்தவர்களே இரண்டு மூன்று தரம் எழுதுகிறார்கள் என்றார். தன் தம்பி பெயிலான கதையை ஆரம்பித்து முடித்தார். வேன் கழுவுகிற வேலை எப்போதும் உனக்கு இருக்கிறது என்றும் சொன்னார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் என் வாயிலிருந்து மிச்ச எழுத்து வெளியே வந்தது.

பிறகு போன் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்: "அட, அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா!"

லட்சுமி அத்தையின் கேள்வி

லைசன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போன அன்று, பக்கத்துக் காம்பிரா வீட்டில் இருக்கும் லட்சுமி அத்தை வந்தார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். பரீட்சையில் பேசிப் பாஸாகிவிட்டேன் என்றால் திக்கு வாய் குணமாகிவிட்டது என்றுதான் அத்தை நினைத்துக்கொண்டார். எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டோம், எந்த வைத்தியரிடம் மருந்து எடுத்தோம் என்று விசாரித்தார். தங்கச்சி மகனுக்கும் இதே குறை இருக்கிறதாம், அந்த மருந்தை வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். நான் பதில் சொல்ல ஆரம்பித்து முதல் எழுத்திலேயே நின்றேன். அத்தை குழம்பிப்போய் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுதா தேநீரைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தாள். என் வார்த்தையை அவள் முடிக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். குணமாகவில்லை அத்தை என்று நான் சொன்ன பிறகு, தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்த்தாள்: "மருந்து ஒண்ணும் இல்ல அத்தை, கொஞ்சம் நேரம் குடுத்தாங்க, அவ்வளவுதான், உங்க தங்கச்சி மகனுக்கும் அதக் குடுங்க."

பேச்சுக்கு மார்க் போடுகிற பரீட்சையில் நான் பாஸானது நன்றாகப் பேசியதால் அல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததால்தான்.