கல்லச்சுப் படங்களும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுச் சுவர்களில் சாமிப் படம் ஒன்று, கலியாணப் படம் ஒன்று, மற்றதெல்லாம் கல்லச்சுப் படங்கள். எங்கள் ஊர் தேற்றாத்தீவில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து இல்லை என்று அக்கா சொல்வாள். சொல்லட்டும். வீடு எனக்குச் சீதனமாக எழுதியது, ஆகவே சுவரும் என்னுடையது. கலியாணம் முடித்து வந்து குடியேறியவர் என் வீட்டுக்காரர்தான். ஆணி அடிக்கும்போது ஏணியைப் பிடிக்கிற உரிமை மட்டும் அவருக்கு உண்டு என்று அவரை முன்னால் வைத்துக்கொண்டே சொல்வேன். "ஏணியாவது தந்தியே" என்று சிரிப்பார்.

நான் செட்டிபாளையம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பல வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில்தான் முதல் கல்லச்சைப் பார்த்தேன். தட்டையாகத் தேய்த்த ஒரு சுண்ணாம்புக் கல்லில், எண்ணெய்ப்பசையுள்ள கறுப்புக் கட்டியால் ஓவியர் தன் கையாலேயே படம் கீறுவார். அந்தக் கல்லில் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இருபத்தைந்து என்று முடிவு செய்தால் இருபத்தைந்துதான். பிறகு கல்லைத் தேய்த்துவிடுவார்கள், படம் போனது போனதுதான். ஒவ்வொரு தாளின் அடியிலும் அது எத்தனையாவது பிரதி என்பதையும் தன் கையெழுத்தையும் ஓவியர் பென்சிலால் இடுவார். அச்சடித்த படம்தானே என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனால், அந்தக் கல்லின் மெல்லிய சொரசொரப்புக்கூடத் தாளில் தெரிகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். மற்றப் பெண்கள் காப்புச் செய்யச் சீட்டுக் கட்டினார்கள், நான் படம் வாங்கக் கட்டினேன்.

அப்படி வந்தவை பத்து. பதினோராவதுக்காக நான் காத்திருந்த காத்திருப்பு எனக்குத்தான் தெரியும். அதைச் செய்தவர் கொழும்பில் இருக்கிற ஒரு வயதான ஓவியர் அம்மா. எங்கள் வாவியைத்தான் கீறியிருந்தார். விடியும் நேரம், தண்ணீரில் ஒரு வரிசை வலைக்கம்புகள், அவ்வளவுதான். தோணி இல்லை, ஆள் இல்லை. அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, இனிக் கல்லில் கீறமாட்டார். மற்றப் பிரதிகள் எல்லாம் வெளிநாட்டு வீடுகளில். தன்னிடம் மிஞ்சியிருந்த ஒன்றை, "வாவிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லி எனக்குத் தந்தார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க, படத்தைச் சுருட்டி வைத்த குழாயை மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறேம் போடுவதற்கு நல்ல மட்டை கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் அலுமாரிக்குள் வைத்தேன்.

இனி அவரைப் பற்றி. ஊர் வாகரை. தோணி இயந்திரம் திருத்துகிற வேலை. எங்கள் கலியாணத்துக்கு முன்பே, சுனாமியில் அவருடைய வீடும் தாயும் ஒன்றாகப் போயின. வீட்டில் இருந்த ஒரு கடதாசிகூட மிஞ்சவில்லை. பிறந்த சேட்டிபிக்கட்டுக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார் என்று கேட்டால் இரண்டு நாள் சொல்வார். அதிலிருந்து மனிசனுக்கு ஒரு வியாதி. கடதாசி என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அது லெமினேற் ஆகாமல் தப்பாது. என்னுடைய பட்டச் சான்றிதழ், மகளின் தடுப்பூசி அட்டை, வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, கலியாணக் கார்ட், எல்லாமே பிளாஸ்ரிக்குக்குள். ஒருமுறை மின்சாரப் பில்லையும் கொண்டுபோய்விட்டார். இதெல்லாம் ஒரு நீலப் பைலுக்குள் கட்டிலுக்குக் கீழே இருக்கும். மழை இருட்டினால் அவர் முதலில் தொடுவது அந்தப் பைலைத்தான். இந்தக் கரையில் இது அவர் ஒருவருடைய கிறுக்கும் இல்லை. எங்கள் சந்தியில் உள்ள கொமினிக்கேசன் கடையில் போட்டோப் பிரதி எடுக்கிறவர்களைவிட லெமினேற் பண்ண வருகிறவர்கள்தான் அதிகம்.

மாரி தொடங்கிய கையோடு நான் இரண்டு நாள் திருகோணமலைக்குப் போகவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றார். முகத்தில் ஒரு சந்தோசம்.

"புள்ள, கூரை ஒழுகி அலுமாரி நனைஞ்சுபோச்சு. நல்ல காலம் நான் பார்த்தன். உன்ட படத்துக்கு ஒண்டும் நடக்கல்ல. இனிக் கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் நடக்காது."

மேசையில் கிடந்தது. மினுங்கியது. ஐயோ கடவுளே, அந்த விடியற்காலத் தண்ணீருக்கு மேல் ரியூப் லைட் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து கிடந்தது. மையின் ஆழம் செத்துப்போய், கலண்டர் படம் மாதிரி இருந்தது. போதாக்குறைக்குத் தாள் மெசினுக்குள் போகவில்லை என்று இரண்டு பக்க வெள்ளையையும் வெட்டியிருந்தார்கள்.

"கையெழுத்து இரிக்கிற பக்கத்தைத் தொடக்கூடாதெண்டு பக்கத்திலேயே நிண்டு பார்த்தனான்" என்றார் பெருமையாக.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது தலைக்கு ஏறியது. சூட்டில் ஒட்டின பிளாஸ்ரிக் உரிக்க வராது. உரித்தால் மையும் கூடவே வரும். கத்தினேன். மடையன் என்றேன், காட்டான் என்றேன். அவர் அந்த ஒற்றுத்தாள்களை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்கெங்க படத்திட அருமை தெரியப்போகுது? உங்கட வீட்டுச் சுவரில ஒரு படமாவது இரிந்ததா?"

சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்தது. நாக்கை இழுத்துப் பிடிக்க நேரமில்லை. அவருடைய தாயின் படம் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் தேடிப் பார்த்தும் ஒரு கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில்கூடக் கிடைக்கவில்லை.

"இரிந்தது" என்றார். இயந்திரச் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து மூன்று கிழமை, வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டிருக்கு, தண்ணி நிரம்பிட்டு, இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். பிறகு அந்த மினுங்கலை நினைப்பேன், மனம் திரும்பக் கல்லாகும். படத்தை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற மகள் போனில், "உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவரும் ஒன்றுமில்லை என்றாராம். பொய் சொல்வதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம்.

மழை விடவில்லை. முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லையாம் என்று பள்ளிக்கூடத்தில் கதைத்தார்கள். வெட்டினால்தான் வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும், இல்லாவிட்டால் எங்கள் படலைக்குத்தான் வரும். ஒரு நாள் காலை பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எங்கள் ஒழுங்கையின் தொடக்கத்திலேயே தண்ணீர் இடுப்புக்கு நின்றது. உள்ளே போகவேண்டாம் என்று அயலவர்கள் தடுத்தார்கள்.

"உன்ட மனிசன் அக்கா வீட்டில இரிக்கார், அங்க போ புள்ள!"

அக்காவின் வீடு பெரிய ரோட்டில், மேல்மாடி உள்ளது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். பத்துப் படங்களும் போய்விட்டன என்றே முடிவு செய்துவிட்டேன். சுவரில் தண்ணீர் ஏறினால் பிறேமுக்குள் ஊறிவிடும், தாள் நெளிந்துவிடும், மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும்.

மாடியில் அக்காவின் கட்டிலுக்கு மேல் பத்தும் இருந்தன. கட்டில் விரிப்புகளில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டு, கயிறு கட்டி. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் மூலையில் நிலத்தில் குந்தியிருந்தார், தலை துவட்டக்கூட இல்லை. தலையில் இரண்டு இரண்டாக வைத்து ஐந்து தரம் நடந்தாராம், அக்கா சொன்னாள். கடைசித் தரம் வரும்போது தண்ணீர் நெஞ்சளவாம். உள்ளங்காலை எதுவோ வெட்டியிருந்தது.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். நீலப் பைல் இல்லை.

"பைல் எங்க?" என்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வீட்டில."

"விட்டுட்டா வந்தீங்க? உங்களுக்கென்ன விசரா?"

"அது நனையாது, புள்ள" என்றார். "இதுகள்தான் நனையும்."

அக்கா தேத்தண்ணி போடக் கீழே போனாள். நான் அவர் பக்கத்தில் அந்த ஈர நிலத்திலேயே இருந்து, என் சீலைத் தலைப்பால் அவருடைய காலைத் துடைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்தார். விடவில்லை.

"அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை" என்றேன். "என்னை மன்னிச்சிருங்க." கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அம்மாட முகம் நல்லா ஞாபகம் இரிக்கி" என்றார். "கண்ணை மூடினா வருவா. உனக்குக் காட்ட ஒண்டுமில்லையே, அதுதான் எனக்குக் கவலை."

இருபது வருஷம் இந்த மனிசனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் கீறக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, எனக்கு இது தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் கைப்பைக்குள் பென்சில் எப்போதும் கிடக்கும். அக்காவின் மேசையில் அவளுடைய மகனின் பழைய கொப்பி ஒன்று இருந்தது.

"சொல்லுங்க" என்றேன். "நான் கீறுறன்."

முதலில் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். நெற்றி அகலம். இடது புருவத்தில் சின்ன வெட்டு. மூக்குத்தி இல்லை, ஓட்டை மட்டும். முதல் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவதில், "இது என்ட பெரியம்மா" என்று சிரித்தார். மூன்றாவதில் வாய் பிழை. "அவ சிரிக்கக்குள்ள பல்லுத் தெரியாது, உதட்டை இறுக்கிக்கொள்ளுவா" என்று தன் உதட்டை இறுக்கிக் காட்டினார். அந்த உதட்டை அப்படியே பார்த்துக் கீறினேன். நாலாவது, ஐந்தாவது. அக்கா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

ஆறாவது தாளை அவர் என் கையிலிருந்து வாங்கினார். திருப்பித் தரவேயில்லை.