சுரங்கத்துக்குள் வந்த கூட்ஸ் வண்டி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவள் வேலை. கடைக்கு விடுமுறை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள், கூட்ஸ் வண்டிகளைப் படமெடுக்க. பயணிகள் ரயில் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள். கணவர் தையல்காரர், கேமரா ஸ்டாண்டைச் சுமப்பது அவர் பங்கு. "நான் கட்டிக்கிட்டது உன்னையா, கூட்ஸ் வண்டியையா?" என்று புலம்புவாரே தவிர, ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அன்றைக்கு, பள்ளத்தாக்கின் மேல் வண்டி வளைந்து வரும் இடத்தைப் பிடிக்க ஆசைப்பட்டாள். மலையைச் சுற்றினால் ஒரு மணி நேரம். ரயில் சுரங்கம் வழியே பத்தே நிமிடம்.

"வேணாம்மா. வண்டி வந்துட்டா?"

"இப்பத்தானே ஒண்ணு போச்சு. அடுத்தது உடனேவா வரும்? வாங்க."

பாதி தூரம் போயிருப்பார்கள். எதிரிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. பிறகு காலடியில் தண்டவாளம் கிணுகிணுத்தது. டார்ச் வெளிச்சத்தில், சுவரில் ஆள் ஒதுங்க விட்டிருந்த மாடம் தெரிந்தது. ஒருவர் நிற்கத்தான் இடம். கணவர் அவளை அதற்குள் தள்ளிவிட்டு எதிர்ச்சுவரை நோக்கி ஓடினார். போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பதற்குள் நடுவே எஞ்சின் வந்துவிட்டது.

சுமையோடு ஏற்றத்தில் ஏறுகிற வண்டி, ஆமை வேகம். மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. புகையில் மூச்சு முட்டியது. "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒதுங்க இடம் உண்டா என்றே அவளுக்குத் தெரியாது. நான்தானே கூட்டி வந்தேன், நான்தானே கூட்டி வந்தேன் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

கடைசிப் பெட்டி போனதும் டார்ச்சை அடித்தாள். வெளிச்சத்தை எதிர்ச்சுவர் நெடுக ஓட்டினாள். அவரைக் காணவில்லை.

"என்னங்க..."

பிறகு ஓர் இருமல். பத்தடி தள்ளி, சுவரோரச் சாக்கடையில் குப்புறக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் சேறு.

"இருக்கேன்," என்றார். "உன் ஸ்டாண்டுதான் தூள் தூளாயிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டையை இறுகப் பிடித்து, வந்த வழியே வெளியே இழுத்துப் போனாள். வெயிலில் உட்கார்ந்த பிறகும் பற்கள் தந்தியடித்தன.

ஆறு மாதம் கேமராவைத் தொடவில்லை. கடையில் சாணைச் சக்கரம் வண்டிபோல இரைந்து சுற்றத் தொடங்கினாலே உள்ளங்கை வேர்த்தது. கணவர்தான் ஒருநாள், "சுத்து வழியிலயே போலாம், கிளம்பு" என்றார். போனார்கள். வளைவுக்கு மேலே பாறையில் உட்கார்ந்து, வண்டி வரும்வரை அவள் அவர் கையை விடவில்லை. எடுத்தது ஒரே படம்; கை ஆடியதில் அதுவும் கலங்கிப் போயிருந்தது. அடுத்த விடுமுறைக்கும் போனார்கள்.