பதில் கடமையில் ஓர் அட்டை

போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தமில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் மருமகன் அதைத் துடைத்து, மேலே ஒரு பழைய போர்வையை விரிப்பார். பிறகு அவருடைய சிநேகிதர் இருவர் குண்டசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார்கள். ஒருவர் கண்டி டவுனில் தன் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையை நடத்துகிறவர். மற்றவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். பொழுது சாயும்வரை அட்டை விளையாடுவார்கள்.

எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான முந்நூற்றுநாலு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் நானும் ஒரு கை போட்டிருப்பேன். இது வேறு. மந்திரவாதிகள், கடல் மிருகங்கள், எரியும் கோட்டைகள் என்று படம் போட்ட அட்டைகள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் அட்டைக்கட்டைச் சேர்த்துக்கொண்டு வருவார். அந்த அட்டை என்ன செய்யும் என்பது அதிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அட்டை சொல்வதுதான் சட்டம். பலமான அட்டைகளைக் கம்பனி வேண்டுமென்றே குறைவாக அச்சிடுகிறது. ஆகவே சில அட்டைகளின் விலைக்கு ஒரு குளியலறைக்கு ஓடு பதித்துவிடலாம். தட்டுப்பாட்டை உண்டாக்கி அதற்கு வரிசையையும் உண்டாக்கும் கலை அரசாங்கத்துக்கு மட்டுமே தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

ஹார்ட்வெயார்காரருக்கு டுபாயில் ஒரு மச்சான் இருக்கிறார். அவருக்கு அசல் அட்டைகள் வரும். என் மருமகன் பன்விலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார், வீட்டுக்கடன் கட்டுகிறார். அவர் கண்ட வழி இதுதான். மலிவான ஓர் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் முன்னால் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, வேண்டிய அட்டையின் பெயரையும் அது செய்வதையும் பென்சிலால் எழுதிவிடுவார். இதை ப்ரொக்ஸி என்கிறார்கள்.

“இது போலி இல்லையா?” என்று கேட்டேன்.

“போலி இல்லீங்க அத்தை. போலின்னா அசல்னு சொல்லி ஏமாத்தணும். இது கடதாசின்னு எல்லாருக்கும் தெரியுமே.”

நியாயமான பதில். ஆனாலும் அதற்கு ஒரு பெயர் வைக்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஆயுள் முழுக்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியதன் பின்விளைவு. ‘உண்மைப் பிரதி’ என்று வைக்க முடியாது. உண்மைப் பிரதியால் எதையும் செய்ய முடியாது; அசல் எங்கோ இருக்கிறது என்று சாட்சி சொல்ல மட்டுமே முடியும். இந்தக் கடதாசியோ கோட்டைகளை எரிக்கிறது. கடைசியில் பிடிபட்டது: பதில் கடமை. மேலதிகாரி இல்லாதபோது அவர் கதிரையில் உட்கார்ந்து, அவருடைய அதிகாரம் அத்தனையும் செலுத்தி, அவருடைய சம்பளத்தை மட்டும் வாங்காதவர் பதில் கடமை பார்ப்பவர். நானே பல வருடம் அப்படி இருந்திருக்கிறேன். கடதாசியோடு எனக்கு உறவு உண்டானது அன்றுதான்.

ஹார்ட்வெயார்காரருக்கு அந்த உறவு இல்லை. ஒரு போயாவில் அவர் மருமகனின் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மச்சான், நா அசல்ல வெளாடுறேன், நீ பென்சில்ல வெளாடுற. அது செரி. ஆனா ஒன் எழுத்து டொக்டர்மார்ட துண்டு மாதிரி ஈக்குது. கடதாசியால ஒரு சண்ட வந்திச்சோ, அன்னையோட கடதாசி முடிஞ்சிச்சி. செல்லிட்டேன்.”

மருமகன் சிரித்தார். அவர்கள் போன பிறகு சிரிக்கவில்லை. கடதாசிகளை எடுத்துவிட்டால் அவருடைய அட்டைக்கட்டில் மிஞ்சுவது மலிவு அட்டைகள். அதை வைத்துக்கொண்டு அந்த மேசையில் உட்காருவதும் ஒன்றுதான், தேநீர் பரிமாறுவதும் ஒன்றுதான். அவர் ஹட்டனிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். கண்டியில் என் மகளுக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முழுக்க ஆட்கள். அவருக்கென்று இருப்பவர்கள் இந்த இருவர்தான்.

ஆகவே கடதாசிகளை இனி நான் எழுதுகிறேன் என்றேன். நல்ல வெள்ளைத்தாள், கறுப்பு மை, வாசிக்கக்கூடிய எழுத்து. மேசையில் இருப்போர் எல்லாரும் தமிழர் அல்லது தமிழ் பேசுவோர், தமிழிலேயே எழுதினேன். யாரும் கேட்கவில்லை. தமிழாக்கம் வேண்டுமென்று கச்சேரியிலும் யாரும் கேட்டதில்லை.

‘பெருவெள்ளம்’ என்று ஓர் அட்டை. மூன்று அட்டைகளை எடுக்கலாம் என்பதுதான் அதன் பலன். எடுப்பது யார்? ஆங்கிலத்தில் ‘யூ’ என்று முடித்துவிட்டார்கள். தமிழில் நான் நின்றேன். ‘நீர்’ என்பது அரசாங்கப் படிவங்களின் குரல். ‘தாங்கள்’ என்றால் விண்ணப்பம் போடுகிற மாதிரி. மீதி ‘நீ’. எந்த மாமியார் மருமகனுக்கு ‘நீ’ என்று எழுதிக் கொடுப்பாள்? ‘நீங்கள் மூன்று அட்டைகளை எடுக்கலாம்’ என்று எழுதி மை காயவைத்தேன்.

அடுத்த போயாவில் ஆட்டம் இறுகி, மூவர் கையிலும் அநேகமாக ஒன்றுமில்லாத நேரத்தில், மருமகன் பெருவெள்ளத்தைப் போட்டார். அவர் மூன்று அட்டைகள் எடுத்தால் வெற்றி அநேகமாக அவருக்குத்தான். கையை நீட்டினார். ஹார்ட்வெயார்காரரும் தன் கட்டுக்குக் கையை நீட்டினார்.

“நீ ஏன்டா எடுக்குற?”

“வாசிச்சிப் பாரு மச்சான். ‘நீங்கள்’ன்டுதானே ஈக்குது? ஒருத்தருக்குன்னா ‘நீ’. நீங்கள்ன்டா நாங்க எல்லாருமே.”

“அது மரியாதை!”

“எனக்கு எதுக்கு மரியாதை? எனக்கு மூணு அட்டை போதும்.”

யாழ்ப்பாணத்துப் பெண் கதிரையில் சாய்ந்துகொண்டார். “நீர் எண்டு எழுதியிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை, அன்ரி.”

“அது உங்க ஊர்ல, மகள்,” என்றேன். “ இங்க நீர்னா தண்ணிதான். அதுவும் வெள்ளத்துல.”

மருமகன் போனை எடுத்து ஆங்கில அட்டையைக் காட்டினார். அதிலும் ‘யூ’. “அது ஒராளா, முழு ஊரா?” என்றார் ஹார்ட்வெயார்காரர். அட்டையைப் போட்டவரைத்தான் அது குறிக்கும் என்று விதிப் புத்தகத்தில் இருப்பதாக யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னார். நம் நாட்டுச் சட்டங்களின் கடைசியில் ஒரு பிரிவு வரும்: உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழ் உரை மேலோங்கியதை நான் பார்த்ததில்லை. இப்போது என் சொந்த மேசையில், சிங்களம் இல்லாத இடத்திலும், அது ஆங்கிலத்திடம் தோற்றுக்கொண்டிருந்தது.

“ஆக, சண்ட வந்திருச்சி,” என்றார் ஹார்ட்வெயார்காரர். குரலில் விளையாட்டு இல்லை. “நா முந்தியே செல்லினேன். கடதாசி வேணாம் மச்சான். இதோட விடுவோம்.”

மருமகன் வாதாடவில்லை. உறைகளிலிருந்து என் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, ஒரு நிமிசம்,” என்றேன் ஹார்ட்வெயார்காரரிடம். “நீங்க எதக் காட்டி மூணு அட்டை கேட்டீங்க?”

“இந்தக் கடதாசிய, ஆன்ட்டி.”

“அது செல்லுமா, செல்லாதா?”

அவர் கட்டின் மேல் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“செல்லாதுன்னா ஒங்களுக்கு மூணு அட்டை கெடையாது. ஆங்கிலப்படி மருமகன் மட்டும் எடுப்பாரு. செல்லும்னா தாராளமா எடுத்துக்கங்க. எழுதுனது நான்தான், ‘நீங்கள்’னா எல்லாருந்தான்னு இப்பவே ஒப்புக்கிறேன். ஆனா ஒரு பத்திரத்தால ஆதாயம் எடுத்துட்டு, அது செல்லாதுன்னு பிறகு சொல்ல ஏலாது. கோர்ட்டுலயும் ஏலாது, கச்சேரியிலயும் ஏலாது.”

யாழ்ப்பாணத்துப் பெண் சிரிப்பை அடக்கக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார். மருமகன் உருவுவதை நிறுத்தியிருந்தார். செல்லாதென்றால் இந்த ஆட்டம் மருமகனுக்கு, செல்லுமென்றால் இனிமேலும் கடதாசிகள் அவருக்கு; எனக்கோ, அவர் எதை எடுப்பார் என்று பார்க்கும் ஆவல்தான் இருந்தது. அந்த நிமிடம் அவர் தன் கட்டைப் பார்த்தார். மேலே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

“எடு மச்சான்,” என்றார் மருமகன். “அத்தை எழுதினது எழுதினதுதான்.”

“நான் எடுத்தா நீ தோத்துருவ.”

“எடுன்னா எடு.”

எடுத்தார். மருமகனும் எடுத்தார், யாழ்ப்பாணத்துப் பெண்ணும் எடுத்தார். அவருக்கு உருப்படியாக ஒன்றும் வரவில்லை, தாவரவியல் மொழியில் ஒரு வசவு சொன்னார். ஹார்ட்வெயார்காரருக்கு வந்தது கடல் மிருகம். இரண்டு சுற்றில் மருமகனின் கோட்டை எல்லாம் போயிற்று.

அட்டைகளை அடுக்கும்போது ஹார்ட்வெயார்காரர் என் பெருவெள்ளத்தை எடுத்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு தானே அதை உறைக்குள் நேராகச் செருகி, மருமகனின் அட்டைக்கட்டில் வைத்தார்.

“கசங்காம வையி மச்சான். இதாலதான் நா வென்டேன்.”