முதல் எபிசோடும் என் வலது காலும்

தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டுகிறவன் நான். பாலக்கோட்டில் மூன்று நிமிடம் நிற்கலாம், மாரண்டஹள்ளியில் இரண்டு. அதற்கு மேல் நின்றால், தன் டைமை எடுத்துக்கொண்டேன் என்று பின்னால் வருகிற வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். இருபது வருடமாக இப்படி ஓட்டியவனுக்கு நிதானம் எங்கிருந்து வரும்? சோறு தின்னும்போதுகூட என் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவனைப் போன மாதம் என் மகள் டிவி முன்னால் உட்கார வைத்தாள். ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் இருந்தவள், திடீரென்று பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் என் மனைவியும் மாறி மாறிக் கேட்டும் காரணம் சொல்லவில்லை. தமிழில் டப் செய்த ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு டியூட்டி இல்லாத ஒரு மத்தியானம் அவளாகவே வந்து, "அப்பா, ஒரே ஒரு எபிசோடு என்கூடப் பாருங்கப்பா" என்றாள். வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மாட்டேன் என்பேனா?

கடலோர ஊர். ஒரு பெண், அவளுடைய அப்பா, இரண்டே பேர். மழை பெய்கிறது. மழையை நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள், மண்வாசனை வராத குறைதான். ஆனால் எவ்வளவு நேரம் பெய்யும்? அடுப்பில் தண்ணீர் கொதிப்பதையும் முழுசாகக் காட்டுகிறார்கள். பிறகு ஒரு பஸ் வந்தது. ஒருவர் குடையை மடக்கி, படியேறி, இடம் பார்த்து உட்காரும் வரை டிரைவர் கியரைத் தொடவில்லை.

"இவன் நம்ம ரூட்டுல ஓட்டுனா ராயக்கோட்டை தாண்டறதுக்குள்ள பொழுது போயிரும்" என்றேன்.

"அப்பா, இங்க ஆக்சிலேட்டர் இல்லீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த அப்பாவும் பெண்ணும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை. கிண்ணம், சோறு எடுத்துச் சாப்பிடுகிற குச்சி, ஜன்னல், மறுபடியும் கிண்ணம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரிமோட்டை எடுத்துப் பத்துப் பத்து செகண்டாகத் தள்ளினேன். பார்த்தால் அந்த அப்பன் அழுதுகொண்டிருக்கிறான்.

"என்னாச்சு இவனுக்கு?" என்றேன்.

மகள் எழுந்தாள். "போன்லயும் இப்பிடித்தான பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அவள் பையோடு வருவதற்கு நாலு நாள் முன்னால் ஓசூரிலிருந்து கூப்பிட்டிருந்தாள். "அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். "சொல்லு, சொல்லு, வண்டி எடுக்கணும்" என்றேன். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

தனியாக உட்கார்ந்து, தள்ளிவிட்ட இடத்துக்குத் திரும்பப் போனேன். கிண்ணம், குச்சி, ஜன்னல். கடைசியில் அந்தப் பெண் தலைநிமிராமல், பள்ளிக்கூடம் போகப் பயமாக இருக்கிறது என்கிறாள். அதுவரை அவளுடைய அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் காத்திருக்கிறான். பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த லீவு நாளில் நானே போய்க் கூப்பிட்டேன். "முதல்ல இருந்து போடு கண்ணு." ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, வலது காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மழை பெய்தது, தண்ணீர் கொதித்தது, பஸ் நின்று நிதானமாகக் கிளம்பியது. சாப்பாட்டுக் காட்சி வந்ததும் அவள் டிவியை நிறுத்தினாள்.

"அப்பா" என்றாள். அப்புறம் சும்மா இருந்தாள்.

'சொல்லு' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். மடக்கிய கால் மரத்து, குத்த ஆரம்பித்தது. ரோட்டில் ஓசூர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே வருகிற அடுத்த வண்டியும் போன பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.